ஊருக்கு முன்பே தெரிந்த பாட்டு

ஏழுபாய்த்துறையில் தஸ்நேவிஸ் தன்னுடைய சொந்தப் பாட்டை முதன்முதலாக ஊரார் முன்னால் வாசித்து முடித்தபோது, அந்தப் பாட்டு அங்கிருந்த அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மாதாகோயில் மண்டபத்தில் அன்று ஒரு கல்யாண வரவேற்பு. பாடகர்களை ஏற்றிவந்த வேன் உப்பளத்துச் சாலையில் டயர் வெடித்து நின்றுவிட்டது. விண்மீன் இன்னிசைக் குழுவின் தலைவர் வால்டர், கீபோர்டில் தனியாக வாசிக்கக்கூடியதையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, ஏதாவது வாசித்துக் கொஞ்ச நேரம் ஓட்டு என்று குழுவில் கிட்டார் வாசிக்கும் தஸ்நேவிஸிடம் கண்ணால் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஏதாவது என்றால் தெரிந்த பாட்டில் ஏதாவது என்று பொருள். கல்யாண வீட்டுக்கு வருகிறவன் தெரிந்த பாட்டுக்குத் தலையாட்டுவான், தெரியாத பாட்டென்றால் எழுந்து பந்திக்குப் போய்விடுவான் என்பது வால்டரின் கொள்கை, அதில் பிழை சொல்லவும் முடியாது. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் விருப்பப் பாட்டுகளைத்தான் தஸ்நேவிஸ் மீசை முளைத்த காலத்திலிருந்து வாசித்துவந்தார். இதுவரை இல்லாத ஒரு பாட்டைக் கேட்டு யார் சீட்டு எழுதுவார்கள்?

பகலில் அவர் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர். பெரிய கம்ப்ரசர் ஓயாமல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும் அந்தக் கூடத்தில், உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கிய கேன்களில் தண்ணீர் பனிக்கட்டியாக இறுகும்வரை காத்திருப்பதுதான் வேலை, காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கிட்டார் வைத்திருந்தார். கம்ப்ரசரின் முனகலுக்கு ஏற்ப அடிக்கம்பியை முறுக்கி வைத்துக்கொள்வார். பல வருஷங்களுக்கு முன்னால் அதே கம்ப்ரசரின் பெல்ட் அவருடைய இடதுகை மோதிர விரலின் நுனியைத் தின்றுவிட்டதால், எந்தப் பாட்டை வாசித்தாலும் ஏதாவது ஓரிடத்தில் ஒரு சுரம் விழாமல் போகும். மற்றவர் பாட்டில் அது ஓட்டை, வால்டர் கீபோர்டால் அதை அடைத்துவிடுவார். தானே கட்டிய பாட்டில் மட்டும் அந்த ஓட்டைக்கு உட்கார ஓர் இடம் இருந்தது. பேச்சுக்கு நடுவில் ஒருவர் மூச்சு வாங்குவதைப்போல மெட்டு அங்கே ஒரு கணம் நின்றுவிட்டுப் போகும்.

அன்று மண்டபத்தில் அவர் வாசித்தது அப்படி ஒன்று. வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. பல்லவியை ஒருமுறை வாசித்தார், முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் முணுமுணுத்தாள். இரண்டாம் முறை வாசித்தபோது நாற்காலி வரிசைகள் சேர்ந்துகொண்டன, சரணத்துக்கு வந்தபோது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர்கள்கூட வாளியை இறக்கிவைத்துவிட்டு வார்த்தை பிசகாமல் பாடினார்கள், ஒரே வார்த்தைகளை, ஒரே ஏற்ற இறக்கத்தோடு, மெட்டு நிற்கும் அந்த இடத்தில் எல்லாரும் ஒன்றாக நின்று, பிறகு ஒன்றாகத் தொடர்ந்து. அந்த மண்டபத்தில் அந்தப் பாட்டின் வார்த்தைகள் தெரியாத ஒரே ஆள் அதைக் கட்டிய தஸ்நேவிஸ்தான்.

"லேய் நேவிசு, இந்தப் பாட்ட இம்புட்டு நாளா எங்கல ஒளிச்சு வச்சிருந்த?" என்று வால்டர் அவர் முதுகில் தட்டினார். "எங்கக்கா கல்யாணத்துல ரேடியோ செட்காரன் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டான்."

"இது நான் பண்ணினது, வால்டர்."

"ஆமாமா. கடலையும் நீதான் பண்ணின."

ஊர் இதற்காக வியந்துபோய் நின்றுவிடவில்லை. மறந்துபோயிருந்த ஒரு பாட்டு திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதானே. டீக்கடையில் அது எந்தப் படம் என்று பேச்சு வந்தது. இடித்துவிட்ட சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த செல்லையா, படத்தின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது என்று சொன்னார், ஆனால் மூன்றாவது ரீலில் ஃபிலிம் அறுந்து அவரே ஒட்டியதையும், ஒட்டிய இடத்தில் கதாநாயகியின் கை இடுப்பிலிருந்து தலைக்கு ஒரே தாவலாகத் தாவும் என்பதையும் எழுந்து நின்று நடித்தே காட்டினார். படமே கிடையாது, இலங்கை வானொலியில் மட்டும் வந்த பாட்டு என்று கருவாட்டுக்காரர்கள் ஒரு கட்சி கட்டினார்கள். கோயில் பாடகர் குழு, இது முதலில் மாதா பாட்டாகத்தான் இருந்தது, சினிமாக்காரன்தான் திருடிவிட்டான் என்றது. பங்குச்சாமியார் எல்லாரையும் கேட்டுவிட்டு, தானும் குருமடத்தில் பாத்திரம் கழுவும்போது அதைப் பாடியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருஷங்களாக வேறு வேறு படகில் போய்க்கொண்டிருந்த இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அப்பா முதல் வள்ளத்தைக் கடலில் இறக்கிய அன்று ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டுத்தான் ஓடியது என்று மூத்தவனுக்கு ஞாபகம் வந்தது, அந்தப் பாட்டு முடியும்வரை தன்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தவன் அண்ணன்தான் என்று இளையவனுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரே படகுக்கு ஐஸ் ஏற்ற வந்து நின்றார்கள். தஸ்நேவிஸ் அவர்களுக்கு ஐஸ் இறக்கிக் கொடுத்தார்.

வீட்டில் அவர் மனைவி ஜெசிந்தா மீன் அலசிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினாள். எப்போது கேட்டாய் என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவள் அலசுவதை நிறுத்தாமல், "என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி இதைத்தான முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "ஒரு வார்த்த பேசலன்னாலும் பாட்டு வந்துச்சே. அதுக்காகத்தான எங்கப்பாகிட்ட சரின்னு சொன்னேன்."

பெண் பார்க்கப் போன அன்று தஸ்நேவிஸ் முணுமுணுக்கவில்லை. கொடுத்த காப்பியில் ஆடை மிதக்க, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். அந்த ஊமைச் சாயங்காலத்தை ஜெசிந்தா எத்தனையோ சண்டைகளில் குத்திக் காட்டியிருக்கிறாள். இப்போது அந்தச் சாயங்காலத்தில் ஒரு பாட்டு இருந்தது, அவள் முகத்தில் அதன் வெளிச்சம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆயுசு முழுக்க அடுத்தவன் பாட்டை வாசித்தவனுக்கு, இது உன்னுடையது என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும், ஒரே ஒருத்தர் போதும். அவர் பஜாரில் பழைய கேசட்டுகளை இன்னும் விற்காமல் வைத்திருந்த லியோவிடம் போனார். அப்படி ஒரு பாட்டே கிடையாது என்று லியோ சொல்லுவார், அதை வைத்து ஊரை மடக்கலாம் என்பது தஸ்நேவிஸின் நினைப்பு. லியோ பரணில் ஏறி, தூசி தட்டி, அட்டை வெளுத்த ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். இரைச்சலுக்குப் பின்னாலிருந்து அந்தப் பாட்டு வந்தது. வயலின்களும் புல்லாங்குழலும் சேர்ந்து, முன்னால் ஒரு கிட்டாரோடு வந்தது. மெட்டு நிற்கும் அந்த இடத்தில் கிட்டாரில் ஒரு சுரம் விழவில்லை. நுனி இல்லாத மோதிர விரலைத் தவிர வேறு எந்த விரலும் விட முடியாத சுரம் அது.

"கேட்டியா? உனக்கு முந்தியே ஒருத்தன் உன்ன மாதிரியே வாசிச்சிருக்கான்," என்றார் லியோ.

பிறகு தஸ்நேவிஸ் இன்னொரு பாட்டுக் கட்டினார். அதற்கு அடுத்து வேறொன்று. ஒவ்வொன்றும் வாசித்து முடிக்கும்போதே பழசாகி, ஊருக்குள் போய், தனக்கென்று ஒரு வருஷத்தையும் ஒரு வீட்டையும் பிடித்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்கு முன்காலம் கூடிக்கொண்டே போனது. சந்தோஷமாக ஒன்றுமே நடந்திராத வீடுகளில் ஒரு மழைக்கால மத்தியானம் கிடைத்தது, கண்டிப்பான தகப்பன்மார் சைக்கிள் ஓட்டியபடி பாடியிருந்தார்கள், கல்யாணச் செலவுக்கு வழியில்லாமல் மாலை மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்குக் கொட்டுமேளத்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ரேடியோ வாசித்திருந்தது. கேட்டவர்கள் யாரும் கெட்டதை நினைவுகூரவில்லை. விருப்பச் சீட்டுகளில் இப்போது அந்தப் பாட்டுகள்தான் வந்தன. தஸ்நேவிஸ் தன் சொந்தப் பாட்டுகளையே விருப்பப் பாட்டுகளாக வாசித்தார்.

திருவிழாவில் விண்மீன் குழு ஓர் இரவு முழுவதையும் அவற்றுக்கென்றே ஒதுக்கியது. இசையமைப்பாளர் யாரென்று தெரியவில்லை, எங்கிருந்தாலும் அவரை வணங்குகிறோம் என்று வால்டர் தழுதழுத்த குரலில் மைக்கில் சொல்ல, கூட்டம் எழுந்து நின்றது. பிறகு கொடிக்கம்பத்தடியில் சகாய மாதா தெருக்காரர் ஒருவர் தஸ்நேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, அச்சு அசல் அப்படியே வாசிக்கிறீர்கள், ஒரிஜினலைக் கேட்டமாதிரியே இருக்கிறது என்று மனசாரப் பாராட்டினார். தஸ்நேவிஸ் கைகூப்பினார். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்க முடியுமா, இதைவிடப் பெரிய அவமானம்தான் கிடைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே அவர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ஐஸ் கம்பெனியில் அமலிதான் அதைச் சொன்னாள்.

அமலி ஐஸ் உடைக்கும் இயந்திரத்தில் வேலை செய்தாள். கேனிலிருந்து வழுக்கிவரும் ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளுவாள், மறுபக்கம் தூளாகக் கொட்டுவதைப் படகுக்காரர்கள் பெட்டியில் அள்ளுவார்கள். மூன்று வயதிருக்கும்போது பஸ் நிலையத்தில் தனியாக நின்றிருந்தவளைக் கன்னியர் மடத்தில் சேர்த்தார்கள். அங்கே வளர்ந்து, சரக்கு ஆட்டோ ஓட்டும் ராயப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வாய் கொஞ்சம் அதிகம்.

"அண்ணே, நேத்து அந்த வால்டர் சார் இசையமைப்பாளர் யாருன்னு தெரியலன்னு அழுவுறாரு," என்றாள் அவள், கொக்கியை ஊன்றிக்கொண்டு. "அந்த முதப் பாட்டுக்கு ரெண்டாவது வரிக்கு வழி தெரியாம இந்த ஸ்டூல்லதான நீங்க ஒரு வாரம் முழிச்சிக்கிட்டு இருந்தீங்க. நான்தான கிழக்க கடலுக்குள்ள இறங்காதீங்க, மேற்க ஏறிப் போங்கன்னு சொன்னேன். நீங்களும் மேல ஏறிப் போனீங்க, வரி கிடைச்சிச்சி. எல்லாருமா சேந்து பழைய பாட்டு பழைய பாட்டுன்னா என்ன அர்த்தம்? இந்த ஊருக்கு மறதி கொஞ்சம் ஜாஸ்திதான்."

தஸ்நேவிஸ் அமோனியா அழுத்தமானியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. மற்றவர்கள் முழுசாகக் கேட்ட பாட்டை இவள் துண்டு துண்டாக, கோணலாக, வழி தவறி நின்ற இடங்களோடு கேட்டிருக்கிறாள். அதனால் பாட்டு இவளுக்குள் பின்னோக்கிப் போக வழியில்லாமல் இந்தக் கூடத்திலேயே, கம்ப்ரசர் சத்தத்திலேயே தங்கிவிட்டது என்று அவர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டார். அதன் பிறகு புதிதாக எதைக் கட்டினாலும் அவள் காதில் விழும்படியாகவே கட்டினார். பல்லவி பாதியில் இருக்கும்போதே அவளைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்பார். இது மூக்கடைச்சவன் பாடுறமாதிரி இருக்கு என்பாள், இல்லாவிட்டால் இது உங்களுதுதான், சந்தேகமே இல்ல என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எத்தனை கல்யாண மேடையில் வேண்டுமானாலும் பெயரில்லாமல் உட்கார முடிந்தது.

ரொம்ப காலம் பிள்ளையில்லாமல் இருந்த அமலி கர்ப்பமானாள். கொக்கியை அவளிடமிருந்து வாங்கி, வாசலில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒரு சாயங்காலம் படகுகள் வருவதற்கு முன்னால், மேஜையில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு அவள் கேட்டாள்.

"அண்ணே, பிள்ள பிறந்தா என்னத்தப் படிச்சி உறங்க வைக்கிறது? எங்களுக்கு மடத்துல மணியடிப்பாங்க, உறங்கிருவோம்."

தாலாட்டுக்கா பஞ்சம், எத்தனையோ சினிமாப் பாட்டு இருக்கிறது என்றார் அவர்.

"இருக்குல்லா. ஆனா அது யாரோ யாருக்கோ படிச்சதுல்லா." பிறகு சிரித்தாள். "உங்க பாட்டக் கேட்டா எல்லாருக்கும் யார் யாரோ ஞாபகத்துல வாறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அவங்க தாத்தா வாறாராம், வெத்தல மணத்தோட. எனக்கு மட்டும் நீங்கதான் வாறீங்க, கையெல்லாம் கிரீசோட."

அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு. தஸ்நேவிஸுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்ததை இந்த ஒருத்திக்கு மட்டும் கொடுக்கவில்லை, தனக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காகவே அவளை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டோம் என்று தோன்றியது. அவளுக்கும் ஒரு பாட்டு பின்னோக்கிப் போய், அந்தப் பஸ் நிலையத்துக்கும் முன்னால் போய், யாருமில்லாத அந்த மூன்று வருஷத்துக்குள் நுழைந்து உட்கார வேண்டுமென்றால், கட்டும்போது ஒரு சுரத்தைக்கூட அவள் கேட்கக் கூடாது. கேட்காவிட்டால், இது உங்களுதுதான் என்று சொல்ல உலகத்தில் ஆளிருக்காது. அதுவும் இந்தப் பாட்டுக்கு. ஏனென்றால் இதுவரை கட்டியதிலெல்லாம் இது நல்ல பாட்டாக இருக்கப்போகிறது என்று அவருக்குத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

கம்ப்ரசரின் சுருதி இல்லாமல் அவருக்கு மெட்டு வராது. வாசலில் அமலி இருந்தாள். ஆகவே அவர் சத்தமில்லாமல் கட்டினார். கிட்டாரை மடியில் வைத்து, வலதுகையால் கம்பியைத் தொடாமல், இடதுகை விரல்களை மட்டும் கட்டைகளின்மேல் நகர்த்தி நகர்த்தி, அந்த மெட்டு எப்படி ஒலிக்கும் என்று காதுக்குப் பதிலாக விரலையே கேட்கவிட்டார். முணுமுணுக்கவில்லை. வீட்டிலும் வாசித்துப் பார்க்கவில்லை. சொந்தக் காதுக்கும் கொடுக்காமல் ஒரு பாட்டைக் கட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வலை பின்னுவதைப்போல இருந்தது.

"என்னண்ணே, ஊமப் பாட்டா?" என்று அமலி வாசலிலிருந்து கேட்டாள். வேறொரு நாள், "புதுசா ஒண்ணும் வரலியா, சரக்கு தீந்துட்டா?" என்றாள். இன்னொரு நாள் கேலியை விட்டுவிட்டு, தன்மேல் ஏதும் கோபமா என்று கேட்டாள். விரல் வலி என்று சொல்லிச் சமாளித்தார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. ஏழுபாய்த்துறையில் வளைகாப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் வளையல் போடுவதற்கு முன்னால், கர்ப்பிணியை அவளுடைய அம்மா எந்தப் பாட்டுப் பாடி உறங்க வைத்தாளோ அந்தப் பாட்டைத் தாய்வீட்டார் படிக்க வேண்டும், அதற்குத் தாய்வீட்டுப் பாட்டு என்றே பெயர். அம்மா இறந்துபோயிருந்தால் சித்தி படிப்பாள், சித்தி இல்லாவிட்டால் யாராவது கேட்டிருந்தவர்கள் படிப்பார்கள். அமலிக்குத் தாய்வீடாக ஜெசிந்தா நின்றாள், எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் கிண்டி, மஞ்சள் குழைத்து, பிறந்த மகளுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தாள். பாட்டுக்குத்தான் வழியில்லை. ஏலக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அமலியின் சிறிய வீட்டின் முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள், அமலி பலகையில் உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த தாலாட்டு ஒன்றைக் கீபோர்டில் வாசித்துவிடலாம், சடங்கு கழிந்த மாதிரி இருக்கும் என்று வால்டர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அமலியும் சரி சார் என்று தலையாட்டினாள்.

தஸ்நேவிஸ் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் எடுத்தார். நன்றாக இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. சத்தத்தில் அதை அவரும் இனிமேல்தான் கேட்க வேண்டும்.

வாசித்தார்.

மெட்டு முதல் வளைவைத் திரும்பியபோது அமலி தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது திரும்பலில் அவள் கைகள் மடியிலிருந்து மெல்ல எழுந்து, யாருடைய தோளையோ பிடிக்கப் போவதுபோலக் காற்றில் நின்றன. பிறகு அவள் பாடினாள். மடத்துப் பாடகர் குழுவில் பாடிய குரலில்லை, படகுக்காரர்களை அதட்டும் குரலுமில்லை, மழலை கலந்த ஒரு குரல். நெத்திலியும் நிலாவும் வரும் வார்த்தைகள், எந்தக் கேசட்டிலும் இல்லாத வார்த்தைகள், முற்றத்தில் ஒருவருக்கும் தெரியாத வார்த்தைகள். முதல்முறையாக ஏழுபாய்த்துறை தஸ்நேவிஸின் பாட்டு ஒன்றை, கூடப் பாடாமல், புதுசாகக் கேட்பதுபோல வாய்மூடிக் கேட்டது. நுனி இல்லாத விரலின் இடம் வந்தது. சுரம் விழவில்லை. அமலியும் அங்கே நின்றாள். நின்று, தன் தலையைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டு, பிறகு தொடர்ந்தாள்.

பாட்டு முடிந்த பிறகு யாரும் வளையலை எடுக்கவில்லை. "அங்ஙனதான் அவ நிப்பா," என்றாள் அமலி, ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி, ஆனால் யாரையும் பார்க்காமல். "அங்ஙன பாட்ட நிறுத்திட்டு என் தலையத் தடவுவா. தடவிட்டுத்தான் அடுத்த வரி." பிறகு அவளுடைய கண் தஸ்நேவிஸிடம் வந்தது. "அண்ணே, எங்கம்மா பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவர் வந்திருந்தார். எங்கேயோ கேசட்டில் கேட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. ஆனால் கட்டும்போது தானும் கேட்டிராத பாட்டு அது, எல்லாரையும்போல அவரும் அதை அந்த முற்றத்தில்தான் முதன்முதலாக முழுசாகக் கேட்டிருந்தார். வாயைத் திறந்தபோது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பஸ் நிலையம். அவர் வாலிபர், வேலைக்குச் சேர்ந்த புதிது, பத்து விரலும் முழுசாக இருந்த காலம், ஐஸ் லாரிக்காகக் காத்து நிற்கிறார். சிமெண்டுப் பெஞ்சில் காய்ச்சல்காரிபோலத் தெரிந்த ஒரு பெண், பச்சைப் புடவை, தலையில் முக்காடு. மடியில் அரைத்தூக்கத்தில் ஒரு பெண் குழந்தை. அவள் பாடுகிறாள். ஓரிடத்தில் நிறுத்தி, குழந்தையின் தலையைத் தடவுகிறாள், தொடர்கிறாள். லாரி வந்துவிடுகிறது, அவர் ஏறிப்போய்விடுகிறார்.

இது நடந்ததா, இல்லை காப்பி ஆடை மிதந்த அந்தச் சாயங்காலத்துக்குள் பாட்டு புகுந்ததைப்போலத் தனக்குள்ளும் புகுந்துவிட்டதா என்று தஸ்நேவிஸ் ஒரு கணம் தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வரவில்லை. அந்தப் பாட்டு தன்னுடையதா என்றும் கேட்டுக்கொண்டார், அதற்கும் வரவில்லை. தனக்கு ஒரு சாட்சி வேண்டுமென்று இத்தனை காலம் அலைந்தவருக்கு, இப்போது தான்தான் சாட்சி என்பது மட்டும் தெரிந்தது.

"அவ பாடி நான் கேட்டிருக்கேன் அமலி," என்றார். "பஸ் ஸ்டாண்டுல. நீ மடியில கிடந்த."

அமலி பலகையிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"எப்படி இருந்தா?"

"பச்சைச் சேல. காய்ச்சலா கிடந்தா போல. உன்ன உறங்க வைக்கணும்னு அந்தக் காய்ச்சலோட படிச்சா." அவர் தன் குறை விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்ன விட்டுட்டுப் போற பொம்பள மாதிரி தெரியல."

அமலி அழவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு, சரியான இடத்தில் வைப்பதுபோல ஒருமுறை தலையசைத்தாள். கையை நீட்டினாள். ஜெசிந்தா முதல் வளையலைப் போட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. சில மாதம் கழித்து அமலி அதைச் சேலைத் தொட்டிலில் போட்டு டோக்கன் மேஜைக்குப் பக்கத்தில் கட்டிவைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். சாயங்காலங்களில், படகுகள் வருவதற்கு முன்னால், தஸ்நேவிஸ் உள்ளேயிருந்து அந்தப் பாட்டை வாசிப்பார், நிற்கும் இடத்தில் அமலி எட்டித் தொட்டிலுக்குள் தலையைத் தடவிக் கொடுப்பாள். ஊர்ப் பெண்கள் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். யாரும் அதைப் பழைய பாட்டு என்று சொல்வதில்லை. அமலியின் அம்மா பாட்டு என்றார்கள்.

ஒருநாள் வாசித்து முடித்தபோது அமலி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணே, எத்தன நாளைக்கித்தான் எங்கம்மா பாட்டையே வாசிப்பீங்க? அடுத்தவங்க பாட்டு போதும். சொந்தமா ஒண்ணு பண்ணுங்க. நான் இங்ஙனதான இருக்கேன், கேட்டுச் சொல்லுதேன்."

தஸ்நேவிஸ் சிரித்தார். கம்ப்ரசர் முனகிக்கொண்டிருந்தது. அடிக்கம்பியை அதற்கு ஏற்றபடி ஒரு இழை முறுக்கிவிட்டு, அவளுக்குக் கேட்கும்படியாக, இதுவரை இல்லாத ஒரு வரியை வாசித்தார், பிறகு நின்றுவிட்டார்.

"என்ன," என்றாள் அமலி, தொட்டிலை ஆட்டிக்கொண்டே. "ரெண்டாவது வரிக்கு வழி தெரியலையா?"